வெள்ளிக்கிழமைக் கூண்டு

கண்டாவளை,
11.02.2024

அன்பின் தர்மிளாக் குட்டிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் பெரியக்கா, பிரதீபன் அத்தான், பிள்ளைகளும் சுகமாக இருக்க நாகதம்பிரான் துணை.

கடிதம் எழுதி எத்தனை வருசம்! பேனை பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. எல்லாம் உன்னால்தான். உயர்தரச் சோதினை முடியும்வரை போன் வேண்டாம் என்று பெரியக்கா வாங்கி வைத்துவிட்டாவாமே? கேட்டதும் சிரித்துவிட்டேன். போனும் நீயும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் அல்லவா! ஆனால் அக்கா செய்தால் அது உன் நன்மைக்குத்தான். என்னையும் அப்படித்தான் தூக்கி வளர்த்தவா. உன் அம்மா, எங்கள் சித்தி, குவைத்தில் நிம்மதியாக வேலை செய்வதே நீ வவுனியாவில் எங்கள் அக்கா வீட்டில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான்.

சரி, இந்தப் பொதியைப் பிரி. மேலே இருப்பது மாதிரி வினாத்தாள். அதற்குக் கீழே? ஹிஹி. 'மூன்றாம் படலை' தொடர்கதையில் நீ விட்ட அத்தியாயங்கள் எல்லாம் இருக்கின்றன. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடையில் முதலாளி சாப்பிடப் போன நேரம் அச்செடுத்தேன். அக்காவிடம் மாட்டிவிடாதே.

கதையில் துளசிகா இன்னும் மாமா வீட்டில்தான் அழுதுகொண்டு கிடக்கிறாள். மாமாவின் மகன் ஆதவன் அவளைக் களஞ்சிய அறையில் பூட்டிவிட்டான். போன கிழமை அவளுடைய புத்தகங்களையும் கிழித்துவிட்டான். ஆனால் அவன் கண் கலங்கிய இடத்தை வாசி, நெஞ்சு உருகும். எங்கள் வட்ஸ்அப் வாசகர் வட்டத்தில் ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் கதையில் வரும் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவோம். எல்லோரும் கதைத்து, கடைசியில் வாக்குப் போடுவோம். தீர்ப்பு வாசிப்பது யார்? நான்தான் நீதிபதி! இந்தக் கிழமை ஏறியது துளசிகா. குற்றம்: இவ்வளவு நடந்தும் ஏன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை? குற்றவாளி என்று கிட்டத்தட்ட எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். அவளுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

நன்றாகப் படி. அக்காவுக்கு வீட்டு வேலையில் கொஞ்சம் உதவி செய்.

அன்புடன்,
ரூபி அக்கா

*

வவுனியா,
04.03.2024

அன்புள்ள ரூபி அக்காவுக்கு,

நான் நலம். பெரியக்கா வீட்டில் எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் நோவு எப்படி?

பொதி கிடைத்தது. பெரியக்கா மேலாலே பார்த்துவிட்டுத் தந்துவிட்டா. வீடு பெரிய வீடு. சின்னவன் என்னை விட்டு இறங்க மாட்டான். படிக்க நேரம் கிடைக்கிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதேங்கோ, வலக்கையில் ஒரு சின்னக் காயம்.

எல்லா அத்தியாயங்களையும் வாசித்தேன். ஒன்று கேட்கலாமா? துளசிகா வாய் திறந்திருந்தால் உங்களுடைய வட்டம் அவளை நம்பியிருக்குமா? அதையும் ஒருநாள் அங்கே கேட்டுப் பாருங்கோ. என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கோ. கட்டாயம் எழுதுங்கோ.

புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு வர ஆசை. பெரியக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தர்மிளா

*

கண்டாவளை,
27.03.2024

என் செல்லத்துக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. நீ சுகமா? கைக்காயம் ஆறிவிட்டதா? என்ன, மரக்கறி வெட்டப் போய் விரலையும் சேர்த்து வெட்டினாயா?

பொங்கலுக்கு உன்னைத் தேடினேன். அக்கா பிள்ளைகளோடு வந்தா, நீ வரவில்லை. "அவளுக்குப் படிப்பு கிடக்கு, நான்தான் மறிச்சனான்" என்றா. எனக்கு உன்மேல் எரிச்சல். ஒரு நாள் படிக்காவிட்டால் வானம் இடிந்து விழுமா?

உன் கேள்வியைக் கூண்டில் வைத்தேன். ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். சுதர்சினி என்று ஒருத்தி, "சோறு போட்ட வீட்டைப் பற்றி வெளியில கதைக்கிற பிள்ளையை ஆர் நம்புறது?" என்றாள். இன்னொருத்தி, "ஆதவன் அடிச்சாலும் அவளை நினைச்சுத்தானே ஏங்குறான், அவளுக்கு விளங்கேல்லை" என்றாள். ஒருவர், "அந்த அழுமூஞ்சியைக் கதாசிரியர் கொன்றுபோட்டால் ஆதவன் தப்புவான்" என்று எழுத, அதற்குக் கைதட்டு மழை. முள்ளிவாய்க்கால் பக்கத்து ஆசிரியை ஒருவர் மட்டும், "அது பதினைஞ்சு வயதுப் பிள்ளையல்லோ" என்றா. அவவை எல்லோருமாகச் சேர்ந்து பகிடி பண்ணித் துரத்திவிட்டோம். இப்போது ஆதவனுக்கும் துளசிகாவுக்கும் கலியாணப் படம் வரைந்து போடுகிறார்கள். வடிவான படங்கள், அடுத்த பொதியில் அனுப்புகிறேன்.

ஏனடி உனக்கு அவளில் இவ்வளவு பாசம்? சண்டைக்கு வருகிறாய் என்றால் ஒழுங்காக வா. அவளுக்காக வழக்குப் பேசு பார்ப்போம்.

அன்புடன்,
ரூபி அக்கா

*

வவுனியா,
21.04.2024

அன்புள்ள ரூபி அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருக்கும் புதுவருட வாழ்த்துகள். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்களா?

வழக்குப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன்.

அவள் யாரிடம் சொல்வாள் அக்கா? அவளுக்குத் தெரிந்த ஆக்கள் எல்லோரும் அந்த வீட்டு ஆக்கள். அந்த வீட்டாரைத் தங்கமான ஆக்கள் என்று சொல்கிறவர்கள். வாயைத் திறந்தால் முதலில் அவர்களுடைய முகம்தான் மாறும். அந்த முகத்தை நினைத்தே அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவளைத் தண்ணீர் மோட்டர் அறையில் படுக்க விடுகிறார்கள். விடிய மோட்டரைப் போட்டால் தலைக்குள் போடுவது போல இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு. ஒரு நாள் தோசை கருகிவிட்டது. தோசை பிரட்டும் தட்டகப்பையைச் சுட வைத்து அவளுடைய புறங்கையில் வைத்தார்கள். வைத்த கையாலேயே மருந்தும் பூசிவிட்டு, "பார், உன்னால நான் என்ன செய்ய வேண்டிக் கிடக்கு" என்று அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்து அவளும் மன்னிப்புக் கேட்டாள். உங்களுடைய வட்டத்துக்கு இது விளங்குமா? சுடுபட்டவளே மன்னிப்புக் கேட்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

வெளிநாட்டிலிருந்து தாய் எடுத்தால் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். அவள் "நான் நல்லா இருக்கிறன் அம்மா" என்பாள். தாய் "அப்பாடா" என்பா. அந்த "அப்பாடா"வுக்குப் பிறகு அவள் எப்படிச் சொல்வாள்?

அவள் கதைக்கவில்லை என்கிறீர்கள். அவள் கதைத்துக்கொண்டேதான் இருக்கிறாள். ஆக்கள் ஆதவனுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் நீதிபதி. ஒரே ஒரு தடவை அவள் பக்கம் கதையுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தர்மிளா

*

கண்டாவளை,
09.05.2024

என் வழக்கறிஞர் அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம்தானே?

அடியேய்! உன்னை என்னவோ என்று நினைத்திருந்தேன். கடிதத்தை வாசித்துக் கடையிலேயே அழுதுவிட்டேன். முதலாளி, "ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டார். இந்த எழுத்தை அலுமாரிக்குள் வைத்திருப்பதா? உன் பெயரை மறைத்து, நடுப் பக்கத்தைப் படம் எடுத்து வெள்ளிக்கிழமை வட்டத்தில் போட்டேன்.

ஐயோ, அன்று பார்த்திருக்க வேண்டும், போன் சூடாகிவிட்டது! சிலர் அழுதார்கள். கனபேர் சிரித்தார்கள், மறைக்காமல் சொல்கிறேன். "துளசிகாவுக்கு நியமித்த சட்டத்தரணி" என்று உன் வரிகளை வெட்டிச் சிரிப்புப் படம் செய்தார்கள். நீ கோபிக்காதே, புகழ் வந்தால் இதுவும் வரும். விஜிதரன் என்று ஒரு பெடியன், "தட்டகப்பை எந்த அத்தியாயத்தில வருது? கதையில இல்லாததைச் சொந்தமா எழுதி அனுதாபம் தேடினம்" என்றான். நான் விடுவேனா? "கற்பனை வளம் தம்பி, உங்களுக்கு இல்லாத சாமான்" என்று கொடுத்தேன்.

இன்னொரு புதினம். போன மாதம் பெரியக்காவையும் வட்டத்தில் சேர்த்துவிட்டேன். அவா இப்போது என்னையும் மிஞ்சிய ஆதவன் விசிறி! படத்தைப் பார்த்துவிட்டு உடனே எனக்கு எடுத்தா. "ஆரின்ர கையெழுத்து இது, முத்து முத்தாக் கிடக்கு?" என்று கேட்டா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்கட வீட்டுக்குள்ளேயே ஒரு எழுத்தாளரை வச்சுக்கொண்டு கேக்கிறியளே!" என்றேன். "அப்படியோ" என்றா அக்கா. பிறகு சிரித்தா. அச்செடுத்த அத்தியாயங்களுக்கு ஏச்சு விழுந்தால் பழியை என்மேல் போடு.

பதில் கெதியாகப் போடு.

அன்புடன்,
ரூபி அக்கா

*

வவுனியா,
17.06.2024

அன்புள்ள ஜெயரூபி அக்கா அறிவது,

நான் நலம். அதுபோல் உங்கள் நலத்தையும் அறிய ஆவல்.

நான் முன்பு எழுதிய கடிதம் பிழை. யோசிக்காமல் கற்பனையாக எழுதிவிட்டேன். துளசிகா செய்ததுதான் குற்றம். வளர்த்தவர்களுக்கு அவள் நன்றி இல்லாமல் நடந்துகொண்டாள். வட்டத்தில் எல்லோரும் போட்ட வாக்கே என் வாக்கும்.

இனிக் கதை அனுப்ப வேண்டாம். படிப்புக் கெடுகிறது. பெரியக்கா என்னைத் தன் பிள்ளை போலப் பார்க்கிறா. மூன்று நேரமும் நன்றாகச் சாப்பிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பெரியக்காவும் வாசித்தா. உங்களுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
க. தர்மிளா

*

கண்டாவளை,
24.06.2024

தர்மிளா,

இதைத் தபாலில் போடமாட்டேன். போட்டால் முதலில் உடைப்பது அக்கா. இந்த முறை வந்த உன் கடித உறையில் இருந்த விலாசம் அவவின் கையெழுத்து. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

'மூன்றாம் படலை'யை முதலில் இருந்து வாசித்தேன். தட்டகப்பை எங்கும் இல்லை. மோட்டர் அறை இல்லை. அந்த விஜிதரன் சொன்னது சரி, கதையில் இல்லைதான். துளசிகாவின் தாய் முதல் அத்தியாயத்திலேயே செத்துவிட்டா. அப்படியென்றால் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து "அப்பாடா" என்றது யார்? சித்தியல்லவா! ஐயோ, என்ர சித்தியல்லவா!

உன் கையில் காயம் என்று எழுதினாய். நான் விரல் வெட்டினாயா என்று பகிடி விட்டேன். கும்பிட்டுக் கேட்கிறேன் என்று எழுதினாய். நான் படம் எடுத்துப் போட்டேன். போட்டதோடு நின்றேனா? அக்கா கேட்டதும் உன் பெயரையும் தூக்கிக் கொடுத்தேன். கோதாரி விழுந்த வாய்! அந்த மே மாதத்திலிருந்து ஜூன் வரை உனக்கு அங்கே என்ன நடந்தது? அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "என்ர மூத்தவள் பிரியந்தினி அப்பிடிச் செய்யமாட்டாள். அவள் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்?" என்றா. என்னுடைய தீர்ப்பை என்னிடமே வாசித்துக் காட்டியது போல இருந்தது.

நேரே வீட்டுக்கு வந்தால் அக்கா உன்னைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் நிறுத்துவா. நீ "நான் நல்லா இருக்கிறன்" என்பாய். நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆகவே வேறு விதமாக வருகிறேன். அக்கா வாசித்தாலும் கதைப் பேச்சு என்று நினைக்கும் மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறேன். உனக்கு விளங்கும். விளங்க வேணும் கடவுளே.

*

கண்டாவளை,
26.06.2024

அன்பின் தர்மிளாவுக்கு,

இங்கு யாவரும் சுகம். அக்காவையும் அத்தானையும் பிள்ளைகளையும் மிகவும் கேட்டதாகச் சொல்லு.

உன் கடிதம் கண்டு சந்தோசம். கடைசியில் உனக்கும் புத்தி வந்தது! கதை அனுப்பவில்லை, பயப்படாதே. ஒரே ஒரு புதினம் மட்டும் சொல்கிறேன், நீ என்னைத் திட்டாதே. அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கப் போகிறது என்று வட்டத்தில் ஒரே அடிபாடு. நான் நினைப்பதைக் கேள். துளசிகா ஆறாம் திகதி சனிக்கிழமை வழமை போல ரியூசனுக்குப் போவாள். புத்தகப் பையின் அடியில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். வேறு ஒரு சட்டை கூட எடுக்கமாட்டாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கிளிநொச்சி முதல் பஸ்ஸில் வந்த ஒருத்தி அங்கே நிற்பாள். துளசிகா அவளிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு சொல்லும் வேண்டாம். கையைக் காட்டினால் போதும்.

ஆதவன் பாவம், அவனுடைய விசிறிகள் கொதிக்கப் போகிறார்கள். அக்காவிடம் சொல்லு, அவாவும் அழுவா!

நன்றாகப் படி.

அன்புடன்,
ரூபி அக்கா

*

வவுனியா,
15.07.2024

ஜெயரூபிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனை எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கதை வாசிச்சு உனக்கு விசர் முத்திவிட்டது. ரியூசன் வாசலில் வைத்து, ஊர் பார்க்க, என் வீட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். இனி நான் இந்த ஒழுங்கையில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? அத்தான் வேலை செய்யும் கந்தோர்வரை கதை போய்விட்டது. நீ பிறந்தபோது உன்னைத் தூக்கித் திரிந்த கை இது.

நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? தட்டகப்பை தவறித்தான் பட்டது. அதுவும் ஒரு தடவைதான். நான்தானே மருந்து பூசினேன். பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஒரு நாள் சொன்னவளா? மூலையில் இருந்து முழிப்பாள். அந்த முழியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவள் எங்களின் குணம் இல்லை, மலையகத்துத் தோட்டக்காட்டுத் தகப்பனின் குணம்.

போதாததற்கு அவளைத் தகப்பனின் ஆக்களிடமே கொண்டுபோய் விட்டிருக்கிறாயாம். நன்றாக இருக்கட்டும். வட்டத்திலிருந்து நானும் விலகிவிட்டேன், உன் பெயரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்துவிடுவது என்று சொல்லு.

பிரியந்தினி

*

செட்டிகுளம்,
19.08.2024

ரூபி அக்கா,

சுகமா என்று கேட்கிறேன். நான் நலம் என்று இன்றைக்கு எழுதவில்லை.

இங்கே போன் இருக்கிறது. நீங்கள் எடுக்கும்போது கதைக்கத்தான் நினைப்பேன், அத்தையோ பிள்ளைகளோ பக்கத்தில் நின்றால் வாய் தானாக "நல்லா இருக்கிறன்" என்றுவிடுகிறது. அத்தை ஒன்றும் செய்வதில்லை, பாவம். பழகிப்போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவலட்சுமி அத்தை நான் வந்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பார்த்தா. "எங்க அண்ணன் இருந்திருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் எழும்பிப்போய் எனக்கு முதலில் சோறு போட்டா. எல்லோருக்கும் முதல். நான் அந்தச் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு கனநேரம் சாப்பிடாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகிறேன். கிணற்று மோட்டர் போடும் சத்தம் கேட்டால் இப்போதும் எழும்பி இருந்துவிடுகிறேன்.

நீங்கள் எடுத்த என் கடிதத்தின் படம் வட்டத்தில் வந்த பிறகு நடந்ததை எழுதவா? மோட்டர் அறைக் கதவு ஐந்து நாள் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். பிறகு அந்தக் கடிதத்தைப் பெரியக்கா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். மிச்சத்தை வேறு ஒரு நாள் எழுதுகிறேன்.

நீங்கள் வெள்ளிக்கிழமை வழக்கை நிறுத்தி வட்டத்தையே மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அத்தையின் மகளுடைய போனில் பார்த்தேன், அடுத்த நாளே அதே பெயரில் புது வட்டம் தொடங்கிவிட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை கூண்டில் ஏற்றியது உங்களைத்தான். குற்றம் என்ன தெரியுமா? மூடுவதற்கு முதல் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனகாலத்துக்குப் பிறகு சிரித்தேன்.

கதையும் முடிந்துவிட்டது. துளசிகாவை ஆதவனுக்கே கட்டி வைத்துவிட்டார்கள். வட்டத்தில் வெடி கொளுத்தாத குறை. கலியாணப் படத்தில் அவளுக்கு நீளக் கைச் சட்டை வரைந்திருக்கிறார்கள். வடிவுக்காகத்தான் வரைந்திருப்பார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நீங்கள் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தீர்கள். சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு எதிராக நீங்களும் வாக்குப் போட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று பொய் எழுத விருப்பமில்லை, பொய் எழுதி எழுதி அலுத்துவிட்டது. போனதும் சொல்கிறேன். அதுவரை சனிக்கிழமைகளில் வாங்கோ. வந்து இருந்துவிட்டுப் போங்கோ.

இனி எனக்குத் துளசிகாவைப் பற்றி எழுதவேண்டாம். நான் என்னைப் பற்றி எழுதுகிறேன்.

நிறைய எழுதிவிட்டேன். கை நோகிறது. பெரியக்கா சுட்ட இடம், குளிருக்கும் எழுத்துக்கும் இழுக்கும்.

தர்மிளா